மலைப்பலகையின் நான்கு லைன்

என் கணவர் முருகானந்தம் அதைப் பழைய இரும்பு என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. இடி விழுந்து செல்போன் டவர் செத்துப்போனால், அரியூர் நாட்டிலிருந்து எடப்புளி நாடு வரைக்கும் பேச்சு நடப்பது எங்கள் வீட்டு மூலையில் கிடக்கும் அந்த இரும்பில்தான்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அதைப் போன் கம்பியோடு இணைக்கும் மோடம் நான்கு, ஊரார் வேண்டாமென்று விட்ட டெலிபோன் லைன் நான்கு. யாரும் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்து உள்ளே வரலாம், ஒரு லைனுக்கு ஒருவர். செய்தி எழுதிவைக்கலாம், மற்றவர் எழுதியதைப் படிக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் தட்டித் தட்டியே பேசிக்கொள்ளலாம். மலைப்பலகை என்று பெயர் வைத்தேன். கம்பி இழுத்ததும் நான், புரோகிராம் எழுதியதும் நான். பெருமைதான், இல்லாமல் என்ன?

அன்று டவரும் இல்லை, ரோடும் இல்லை. காரவள்ளிப் பக்கம் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்துவிட்டது. அரியூர் நாட்டுக் குழந்தைசாமியோ முந்தின நாளே மரவள்ளிக் கிழங்கை முழுக்கப் பிடுங்கிப் போட்டிருந்தார். பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் கறுத்துவிடும்; கறுத்துப்போன கிழங்கை ஜவ்வரிசி மில்லில் கையால்கூடத் தொடமாட்டார்கள். அன்றைக்கே லாரி வராவிட்டால் அவருடைய ஒரு வருஷப் பாடு மண்ணோடு மண்தான்.

லாரிக்காரர் சிராஜுதீன் அடிவாரத்தில் இருக்கிறார். தினமும் மதியம் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வார். ஒன்றும் தெரியாவிட்டால் வேறு லோடுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் மலைக்கு ஏறும் இன்னொரு வழியான முள்ளுக்குறிச்சி ரோடு நன்றாகத்தான் இருந்தது. என் கணவர் காலையில் பைக்கில் வந்ததே அந்த வழிதான். அதைப் பலகையில் எழுதிவைத்தேன். சிராஜுதீன் உள்ளே வந்து படிக்கவேண்டும், அவ்வளவுதான்.

எப்படி வருவார்? மதியமாகிவிட்டது, நான்கு லைனும் பிஸி. போன் போட்டுச் சொல்லக்கூட லைன் இல்லை.

இரண்டு லைனில் திருப்புலி நாட்டு மாமனும் மச்சானும். மற்ற இரண்டில் சாட்சாத் குழந்தைசாமியும், எடப்புளி நாட்டில் மிளகு போடும் அத்தாயியும். என் திரையில் வரிசையாக ஓடியது:

"சரிங்கத்தை, வாரேனுங்க."

"வா சாமி, நானும் வாரேன்."

"ஆகட்டுங்க. அப்ப வாரேனுங்க."

வெகுநேரமாக நான்கு லைனிலும் இதேதான். எங்கள் மலையில் விடைபெறுவது சாமானியக் காரியமா? நேரில் என்றால் யாராவது செருப்பை மாட்டியதும் முடிந்துவிடும். திரையில் செருப்புக்கு எங்கே போவது? முதலில் லைனை வைப்பவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுவார். அட, இந்த மனுஷன் தன் லாரியைத் தானே மறித்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருக்கிறார்! எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"கட் பண்ணி உடு சுமித்ரா. ஒரு பட்டன்தான?" என்றார் என் கணவர்.

"அத்தாயி அத்தைய மூஞ்சில அடிச்சாப்புல கட் பண்ணச் சொல்றீங்களா? அப்பறம் அவங்க இந்தப் பக்கமே வரமாட்டாங்க. செத்த சும்மா இருங்க."

வந்தவர்களை வழியனுப்பவேண்டியது யார்? வீட்டுக்காரிதானே. இந்தப் பலகைக்கு வீட்டுக்காரி நானில்லாமல் வேறு யார்? நான்கு லைனிலும் தெரியும்படி தட்டினேன்.

"நான் ஊட்டுக்காரி சுமித்ராங்க. சிராஜுதீனண்ணன் உள்ள வரமுடியாம வாசல்ல நிக்கறாருங்க. எல்லாரும் நல்லபடியா போயிட்டு வாங்க."

மோடம் விளக்கு நான்கும் ஒன்றாக அணைந்தன. நான் மூச்சு விடுவதற்குள் முதல் லைன் கிரீச்சிட்டது. சிராஜுதீனேதான்!

"எத்தன தடவைம்மா டயல் பண்றது? ரோடு சேதி பாத்துட்டேன். முள்ளுக்குறிச்சி வழியா வண்டிய ஏத்தறேன். கெழங்க ரோட்டுக்குக் கொண்டாரச் சொல்லு."

சாயங்காலம் குழந்தைசாமியை நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று பைக்கில் ஏறிப் போனேன். லாரியில் கடைசிக் கூடைக் கிழங்கு விழுந்துகொண்டிருந்தது. ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

"செல்போனே வேல செய்யல, இந்த வழியில வரலாம்னு எங்க மொதலாளிக்கு யாருங்க சொன்னது?" என்று டிரைவர் அவரிடம் கேட்டார்.

"எங்க பலகை இருக்குதுங்கல்ல!" என்றார் குழந்தைசாமி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "டவரு போனா என்னங்க, மலையே போனாலும் எங்க பலகை பேசுமுங்க."

திட்ட வந்ததையே மறந்துவிட்டேன். எங்க பலகையாம்! கேட்கக் கேட்க இனித்தது.