நின்றபடி எடுத்த அளவு

நாய் வளர்ப்பது என்று முடிவாகிவிட்டது. எந்த நாய் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

தையல்காரரின் மனைவி பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். நாள் முழுதும் அடுத்தவர் வாயையே பார்த்துவிட்டு வருகிறோம், வீட்டிலாவது வாய் பேசாத ஒரு ஜீவன் இருக்கட்டுமே என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஊர்க்கோடியில் உள்ள நாய்க் காப்பகத்தில் இரண்டு வேட்டை நாய்களுக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். பெரியது கிரேஹவுண்ட், சின்னது விப்பெட். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஊசி மூஞ்சி.

“ஒரே வெட்டுதான். ஒண்ணு நாப்பத்திரெண்டு சைஸ், ஒண்ணு முப்பத்திரெண்டு” என்றார் தையல்காரர். “நமக்குச் சின்னது போதும்.”

“நாயென்ன சட்டையா? பெரிசுதான் ரொம்ப சாதுன்னு அந்தக் காப்பகத்தம்மா சொன்னாங்களே.”

“சாதுவா இருந்தா சுவத்தைத் தள்ளி வச்சுட்டா படுக்கும்? கடை மூலையில இடம் எவ்வளவுன்னு அளந்துட்டேன்.”

“அளக்காம நீங்க தும்மக்கூட மாட்டீங்க.”

அளவு என்பது அவர் சொன்ன சாக்கு. உண்மைக் காரணம் மனைவியின் தங்கை.

கணவன் விட்டுப்போன பிறகு அவள் இவர்களோடுதான் இருக்கிறாள். வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே தனக்கென்று ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு, பொத்தான் தைப்பது, ஓரம் அடிப்பது எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். சிறுமியாக இருந்தபோது ஒரு நாய் அவள் கெண்டைக்காலைக் கவ்வியிருந்தது. தழும்பு மறைந்துவிட்டது, பயம் மறையவில்லை. எதிரே நாய் வந்தால் தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுவாள். ஆனால் அக்கா பேச்செடுத்தபோது, “அதெல்லாம் சின்ன வயசுல. இப்ப எனக்கென்ன பயம்? நல்லா வளருங்க” என்று சிரித்தாள். அக்காவும் நம்பிவிட்டாள். ஆசைப்பட்டவர்கள், கிடைத்த சம்மதத்தை உரசிப் பார்ப்பதில்லை.

நூலும் பொத்தானும் கொண்டுவருபவர் ஒருநாள், “உங்க கொழுந்தியா வாடகைக்கு ரூம் கேட்டாங்களே, ஒண்ணு காலியாகப் போகுது” என்றார். தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

அவர் அதை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே நாய் வேண்டாம் என்பாள். அக்காவின் ஆசையைக் கெடுத்துவிட்டோமே என்று தங்கை இன்னும் சீக்கிரம் மூட்டை கட்டுவாள். தங்கையிடமும் கேட்கவில்லை. ஒருவர் மூடி வைத்த பயத்தைத் திறந்துகாட்டச் சொல்வது அன்பு ஆகாது என்று நினைத்தார். நாய் சின்னதானால் பயமும் சின்னதாகிவிடும் என்று கணக்குப் போட்டார். துணியில் பலிக்கும் கணக்கு அது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் காப்பகத்துக்குப் போனார்கள். முட்டிவரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்த காப்பகத்தம்மா முதலில் விப்பெட்டை அவிழ்த்துவிட்டார். அது இளசு. ஒரே தாவலில் வந்து, முன்கால்களைத் தங்கையின் மார்பில் வைத்து, மோவாயை நக்கியது. அதன் மேல் குற்றமில்லை, சந்தோஷம் அதற்கு. அவள் நட்டுவைத்த கம்பம் போல நின்றாள். முகம் வெளிறிய பிறகும் சிரிப்பு மட்டும் போகவில்லை. அதைப் பார்க்கத்தான் தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் நாயை விலக்கினார்.

பெரியது நிழலிலிருந்து எழுந்து, கடனே என்று நடந்துவந்து நின்றது.

“பந்தயத்துல ஓடினவன். ஓடி ஓடி அலுத்துப்போச்சு. இப்ப சாப்பாடு, தூக்கம், மறுபடி தூக்கம்” என்றார் காப்பகத்தம்மா.

“பாத்தீங்களா உங்க சின்ன சைஸோட லட்சணத்தை?” என்றாள் மனைவி.

தையல்காரருக்கு இரண்டு பக்கமும் இடித்தது. சின்னது ஆகாது. இவ்வளவு உயரத்தை வீட்டுக்குள் கொண்டுபோனால் தங்கை என்ன ஆவாள்? அளவு ஒன்றுதான் அவர் கையில் மிச்சம். “அளந்து காட்டினாத்தான் நீ நம்புவ” என்று கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, நாயின் அருகே மண்டியிட்டார்.

கடையில் அளவெடுக்கும்போது ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையைத் தங்கை பிடிப்பாள். அதே பழக்கத்தில், நிமிராமலே, “பிடிம்மா” என்று முனையைப் பின்னால் நீட்டினார். அதே பழக்கத்தில் அவளும் வாங்கி, கழுத்தெலும்பில் வைத்து அழுத்தினாள். அவர் டேப்பை முதுகோடு இழுத்து வாலடிக்குக் கொண்டுபோன பிறகுதான், யாருடைய கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். மனைவி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

கடைசியாகக் கவனித்தவள் தங்கைதான். கையை இழுத்திருப்பாள். அதற்குள் நாய் பெருமூச்சு விட்டு, உடம்பு முழுவதையும் அவள் தொடைமேல் சாய்த்துவிட்டது.

“சாயுதே!” என்றாள் எழும்பாத குரலில். “அத்தான், நான் நகந்தா விழுந்துடுமா?”

“அவன் அப்படித்தான். நிக்கச் சோம்பல்பட்டு யார் மேலயாவது சாஞ்சுக்குவான்” என்றார் காப்பகத்தம்மா.

அவள் நகரவில்லை. சற்றுமுன்பும் அசையாமல்தான் நின்றாள். அது பயத்தால். இப்போது அந்த நாய் விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக.

“எவ்வளவு வருது?” என்றாள் மனைவி.

“கழுத்துலேர்ந்து வாலுக்கே மூலை தீந்துபோச்சு” என்று உள்ளதைச் சொன்னார் தையல்காரர். “தலைக்கு இடமில்ல.”

“தலையைக் கழட்டி ஆணியில மாட்டிடலாம். பேச்சைப் பாரு!”

தங்கை நாயின் காதைப் பார்த்தபடி, “என் மெஷினை ஜன்னல் பக்கமா தள்ளிக்கிறேன் அத்தான். எனக்கும் வெளிச்சம் கிடைக்கும்” என்றாள்.

வீட்டைக் காலி செய்யப் போகிறவர்கள் மெஷினுக்கு வெளிச்சம் தேடுவதில்லை. தையல்காரர் டேப்பைச் சுற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்து கடவுளுக்கு நன்றி சொன்னார். தான் போட்ட கணக்கு ஒன்றும் இதில் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

எடுத்த அளவுக்கு இரண்டு விரற்கடை கூட்டி அவர் ஒரு மெத்தை தைத்தார். வீட்டுக்கு வந்த நாய் அதை முகர்ந்து பார்த்தது, தாண்டிப் போனது. கடைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த வாசலில் பக்கவாட்டில் சரிந்து, நான்கு கால்களையும் நீட்டி, நிலைக்கு நிலை அடைத்துக்கொண்டு தூங்கியது. மெத்தையில் அதில் பாதிகூட அடங்காது.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வாழ்நாள் பூரா நிக்கிறவங்களைத்தானே அளந்திருக்கீங்க! படுத்தா எவ்வளவுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தங்கை சமையலறைப் பக்கம் மாட்டிக்கொண்டாள். தாண்டலாம் என்று பார்த்தாள், கால் எழும்பவில்லை.

“டேய், கொஞ்சம் நகருடா.”

நாய் ஒரு காதை மட்டும் தூக்கியது. தையல்காரர் அதை எழுப்ப எழுந்தார்.

“வேணாம் அத்தான், தூங்கட்டும்.”

அவள் பின்கதவு வழியாக இறங்கினாள். சந்தில் நடந்து, தெருவைச் சுற்றி, கடை வாசல் வழியாக உள்ளே வந்தாள். கையில் ஒரு கிண்ணம் தண்ணீர். கை எட்டுகிற தூரத்தில் நின்று குனிந்து, அதை நாயின் மூக்கருகே வைத்துவிட்டு, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு இவ்வளவுதான்” என்று நாயிடம் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் போய் மெஷினில் உட்கார்ந்தாள்.