ஒரு பிடி வறுத்த அரிசி

உசாந்தினி ஸ்கொட்லாந்துக்குப் போன புதிதில் அவளுடைய குரல் பதிவுகள் நீளமாக வந்தன. ஊரில் அவளுடைய சிநேகிதி றுஸ்தா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். மலையடியில் ஒரு பழைய கல்வீடு. பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே ஒன்றாக இருந்து, காலையும் மாலையும் ஜெபம் செய்து, முறை வைத்துச் சமைத்து, அகதிகளாக வந்தவர்களுக்கும் தனித்த முதியவர்களுக்கும் ஊழியம் செய்தார்கள். திருச்சபை மூலம் கிடைத்த ஒரு வருடம் அது. பல்கலைக்கழகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு பதிவுகள் குறுகின. குறுகிய பதிவுகளுக்குள் ஹன்னா வரத் தொடங்கினாள்.

ஹன்னா ஜேர்மன்காரி, அறைத்தோழி. ஹன்னா பனியில் நடக்கப் பழக்கினாள். ஹன்னாவுக்கு உறைப்பு ஆகாது. ஹன்னாவும் நன்றாக வாசிப்பாள்.

கடைசி வசனத்தை றுஸ்தா பல நாள் சுமந்து திரிந்தாள். கல்முனையில் அவர்கள் இருவரும் அடுத்தடுத்த வளவு. நடுவில் ஒரு தகர வேலி. ஒரு பக்கம் முஸ்லிம் தெரு முடியும், மறுபக்கம் தமிழ்த் தெரு தொடங்கும். அந்த நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, நூலகத்தின் மூலை மேசையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு இருப்பார்கள். பேசுவதில்லை. மின்விசிறி சுற்றும், பொழுது போகும், எழுந்து வருவார்கள். வேறு யாரோடும் றுஸ்தாவால் அப்படி இருக்க முடிந்ததில்லை. யாரோடு இருந்தாலும் மௌனத்தை நிரப்ப எதையாவது தேட வேண்டியிருந்தது.

ஹன்னாவோடும் அவள் அப்படி இருக்கிறாளா? இந்த ஒன்றைத்தான் றுஸ்தாவுக்குக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் சிரிப்பாள் என்று கேட்கவில்லை. சிரிக்காமல் "ஓம்" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது.

ரமழான் நோன்பு வந்தது. வழமைபோல றுஸ்தாவின் உம்மா சல்மா கஞ்சி காய்ச்சி, மூடி போட்ட சில்வர் வாளியில் ஊற்றி, வேலிக்கு மேலால் உசாந்தினியின் தாய் சாரதாதேவிக்குக் கொடுத்தா. மறுநாள் வாளி முருங்கைக்காயோடு திரும்பியது. அதற்கு அடுத்த தரம் பயிற்றம் பணியாரம். அந்த வாளி ஒருநாளும் சும்மா திரும்பியதில்லை.

"வெறும் வாளிய நீட்டினா வாய் திறந்து ஏசின மாதிரி," என்பா சல்மா உம்மா.

அந்தக் கிழமைதான் உசாந்தினி அழைத்தாள்.

"என்னகா, நோன்பா? களைப்பா? கேளன், இங்க ஒரு சிரியாக்கார உம்மா இருக்கிறா. இந்தப் பெரிய வீட்டில தனியத்தான் நோன்பு பிடிக்கிறா. பாக்கப் பாவமா இருக்கு. அவ நோன்பு திறக்க உங்கட கஞ்சி காய்ச்சிக் குடுக்கப் போறன். எப்பிடிக் காய்ச்சிறது எண்டு சொல்லு."

பின்னால் ஒரு பெண்குரல், "ஹலோ றுஸ்தா!" என்று சிரித்தது. பெயரை இழுத்து இழுத்துச் சொன்னது.

"அவதான் ஹன்னா. எழுதிறதுக்கு வந்து நிக்கிறா."

றுஸ்தா சொன்னாள். அரிசி, உள்ளி, இஞ்சி, கொஞ்சம் வெந்தயம். ரம்பை இலை அங்கே கிடைக்காது, பரவாயில்லை. கோழி. தேங்காய்ப்பால் கடைசியில். உசாந்தினி ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல, ஹன்னா எழுதினாள்.

இன்னும் ஒன்று இருந்தது. ஒரு பிடி அரிசியைச் செம்மை படர வறுத்து, கொரகொரவென்று இடித்து, கஞ்சி கொதிக்கும்போது தூவ வேண்டும். உம்மாவின் கஞ்சியை ஊர்க் கஞ்சியிலிருந்து பிரிப்பது அதுதான். றுஸ்தாவின் நாக்கு அந்த இடத்தில் நின்றது.

"அவ்வளவுதானா?" என்றாள் உசாந்தினி.

"ஓம். அவ்வளவுதான்."

அந்தப் பக்கத்தில் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிகா, வைக்கிறன்."

இரண்டு நாளில் படம் வந்தது. நீண்ட மரமேசை. கறுப்பு முக்காட்டோடு ஒரு பெண் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தா. பக்கத்தில் பொன்னிற முடிக்காரி ஒருத்தி வாயில் கரண்டியோடு கண்ணை மூடியிருந்தாள். கீழே உசாந்தினி எழுதியிருந்தாள்: சட்டிய வழிச்சிட்டாங்க. ஹன்னா ரெண்டு தரம் குடிச்சா.

றுஸ்தா படத்தைப் பெரிதாக்கிக் கஞ்சியைப் பார்த்தாள். வெள்ளைவெளேர் என்றிருந்தது. அந்த மங்கல் செம்மை இல்லை. இல்லாததை அங்கே ஒருவரும் தேடவுமில்லை. கொடுக்காமல் வைத்திருந்த பொருள் கைக்குள்ளேயே செல்லாக்காசாகிப் போனது போலிருந்தது. "மாஷா அல்லாஹ்" என்று எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு பதில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டாள். உசாந்தினியும் ஏனென்று கேட்கவில்லை.

அங்கே கோடை வந்தது. ஊழியம் முடிந்த பிள்ளைகள் ஒரு பழைய வான் வண்டியில் வடக்குத் தீவுகளுக்குப் பயணம் போனார்கள். அந்தத் தீவுகளை நூலகத்து அட்லஸில் முதலில் கண்டு, விரலால் காட்டியது றுஸ்தா. இப்போது வந்த படங்களில் அந்தக் கடலுக்குள் ஹன்னாவின் வெறுங்கால் நின்றது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு படத்தையும் பார்த்தாள்.

"பாத்தியா மகள், இவளுகள் போற இடத்த?" சாரதாதேவி வேலிக்கு மேலால் தலையை நீட்டினா. "இங்கயும் கடல்தானே கிடக்கு. காசக் கொட்டிப் போய் அங்கயும் கடலத்தான் பாக்காளுகள்."

"பாத்தன் அன்ரி."

"கடைசிக் கஞ்சி வாளி எனக்கிட்டத்தான் கிடக்கு. உம்மாட்டச் சொல்லு, உசாந்தினி வந்து நிரப்பிக் கொண்டு தருவாள்."

உசாந்தினி புரட்டாதியில் வந்தாள். வந்த மறுநாள் பின்னேரம், வேலியைச் சுற்றி வாசலால் வந்தாள். மெலிந்திருந்தாள். கையில் வாளி. சிரித்தாள், ஆனால் கட்டிப்பிடிக்கவில்லை. வாளியை நீட்டினாள்.

வாங்கும்போதே கை மேலே எழும்பியது. அவ்வளவு லேசு. றுஸ்தா மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கழுவித் துடைத்திருந்தது.

தெருவில் பாண்காரனின் முச்சக்கரவண்டி பாட்டோடு போய் முடிந்தது.

"அன்ரி மறந்திட்டாவா?"

"அம்மா பலகாரம் போட்டுத்தான் தந்தா. நான் எடுத்து வெளிய வைச்சிட்டு வாறன்."

"ஏன்?"

"நீ வறுத்தரிசிய விட்டாய். நான் பலகாரத்த விட்டன்."

றுஸ்தா மூடியைத் திரும்பப் போட்டாள். "உனக்கெப்பிடி..."

"நோன்பு மாசம் அசர் தொழுகைக்குப் பிறகு உங்கட குசினியில அரிசி வறுக்கிற மணம் எங்கட வளவெல்லாம் வரும். சின்னனில இருந்து அந்த மணத்திலதானேடி வளந்தன். அவ்வளவுதானா எண்டு கேட்டனே. சொல்லுவாய் எண்டு பாத்தன்."

"தெரிஞ்சா நீயே போட்டிரிக்கலாமே."

"போட்டிருக்கலாம். நீ தரல்ல. தராதத எடுத்துப் போட ஏலாது."

"கோவமா?"

"ஓம். நல்ல கோவம். அத அங்க ஆரிட்டயும் சொல்லல்ல, ஹன்னாட்டக்கூட."

ஹன்னாவுக்குக் கிடைக்காத ஒன்று. வெட்கத்தோடேயே றுஸ்தா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் துணிவில், ஒரு வருடமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"ஹன்னாவோட இரிந்து வாசிக்கக்குள்ள கதைப்பீங்களா?"

உசாந்தினி அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பொய் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"இல்ல," என்றாள். "கதைக்கமாட்டம்."

றுஸ்தா வாளியோடு குசினிக்குள் போனாள். உசாந்தினி பின்னால் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். றுஸ்தா அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, தாச்சியில் போட்டு, நெருப்பைக் குறைத்தாள். அரிசி முதலில் வெளுத்தது, பிறகு வெடித்தது, பிறகு மெல்லச் சிவந்தது. மணம் எழும்பியது. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

"ஆருடி அது, நோன்பில்லாத நாளையில அரிசி வறுக்கிற?" கிணற்றடியிலிருந்து உம்மா கத்தினா. "பேய் கீய் புடிச்சிட்டா?"

உசாந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றுஸ்தாவுக்கு வரவில்லை. உரலில் இட்டு இடித்து, வாளிக்குள் கொட்டி, மூடியை அழுத்தி மூடினாள்.

"இது உனக்கு. ஹன்னாவுக்குச் சொல்லிக் குடுக்காத."

"பாப்பம்," என்றாள் உசாந்தினி. வாக்குக் கொடுக்கவில்லை. வாளியை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே போனாள்.

சற்று நேரத்தில் தகர வேலிக்கு அப்பால் சாரதாதேவியின் குரல் கேட்டது. "என்னடி, குடுக்கப் போன வாளியத் திருப்பிக் கொண்டு வாறாய்?"

உசாந்தினி என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. றுஸ்தா தாச்சியைக் கழுவாமல் அடுப்படியிலேயே நின்று காது கொடுத்தாள். வாளி இப்போது அந்தப் பக்கம் இருந்தது.