எதிர்பார்க்கப்படும் விடை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை. காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி போகிற பஸ்ஸில் காதில் விழுந்தது. அதுவும் நான் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லப்போய்.

எனக்கு முன்சீட்டில் ஒரு பெண். ஜன்னலைப் பார்த்துக் கணீரென்று கேட்டாள்: "திட்டமிடாமல் ஒரு தொழிலைத் தொடங்கினால் என்ன ஆகும்?"

பஸ்ஸில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் கேட்டுவிட்டாள், பதில் சொல்லாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? "ஒண்ணும் ஆகாதும்மா. நான் முப்பது வருஷமா அப்படித்தான் கதை எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அவள் திரும்பினாள். "சார், நான் ஒங்களைக் கேக்கலை. கேட்டிருந்தாலும் இந்தப் பதில் வரக்கூடாது."

அவள் மடியில் பாடத்திட்டம் இருந்தது. பக்கத்தை நெட்டுக்கு இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தாள். இடப்பக்கம் 'ஆசிரியர் செயல்', வலப்பக்கம் 'எதிர்பார்க்கப்படும் மாணவர் விடை'. அந்தக் கேள்விக்கு நேரே ஏற்கெனவே எழுதியிருந்தது: "குழப்பமும் வீண்செலவும் ஏற்படும், டீச்சர்."

எனக்கு வயிறு எரிந்தது. என் வாசகர் என்ன சொல்வார் என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை. இங்கே ஒரு தொழிலில் பதிலை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகிறார்கள்! இனி நானும் அப்படித்தான் என்று அந்தச் சீட்டிலேயே முடிவு செய்தேன்.

[எதிர்பார்க்கப்படும் வாசகர் விடை: "ஆரம்பமே அமர்க்களம், சார்."]

2.

தொடக்கம் ஒன்று: 'காரைக்காலின் கீழ்வானில் கருமேகங்கள் யானைக் கூட்டம்போல்—'

வேண்டாம். மேகத்தை யானை என்று எழுதுகிற ஆட்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

தொடக்கம் இரண்டு: 'கோட்டுச்சேரிமேட்டின் ஏழை மீனவக் குடும்பத்தில் பிறந்த சிவப்ரியா, பல இன்னல்களுக்கிடையே—'

பஸ்ஸிலேயே அவள் எண்ணை வாங்கியிருந்தேன். இதை அவளுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். குரல் செய்தி வந்தது. "சார், எங்க வீட்டுல ஏசி ஓடுது சார். இன்னல்லாம் ஒண்ணும் இல்ல. எங்கம்மா காதுல விழுந்துச்சுன்னா ஒங்களைத் தேடிக்கிட்டு தருமபுரத்துல ஒங்க வீட்டுக்கே வந்துரும், பாத்துக்கங்க."

தொடக்கம் மூன்று: 'சிவப்ரியா என்ன படிக்கிறாள் என்பது அவள் சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் புரியவில்லை.'

இது நிற்கும்.

3.

அது நான்கு வருடப் படிப்பு. பி.காமும் பி.எட்டும் ஒன்றாகச் சேர்ந்தது. முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர் ஆகலாம். நடுவில் விட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

கல்யாண வீடுகளில் அவளை நிறுத்தி விசாரிப்பார்கள்.

"நீ பி.காமா, பி.எட்டா?"

"ரெண்டும் சேந்தது, அத்தை."

"அப்ப சம்பளம் ரெண்டா வருமா?"

மொத்த மீன் வியாபாரம் பார்க்கிற அவள் அம்மா சந்திராதான் நடுவில் புகுந்து விளக்குவார். "சோத்தையும் கொழம்பையும் பெசஞ்சு ஒரே பார்சலாக் கட்டிக் குடுக்குறாங்கல்ல, அந்த மாதிரி படிப்பு. பிரிக்க முடியாது."

பிரிக்க முடியும் என்று நினைத்தவர் சோமு மாமா. துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் மேலாளர். "கணக்குப் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டு எங்க ஆபீசுக்கு வா. சாக்பீசு தூசி எதுக்கு?" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். அவளுக்காக அவர் போட்டு வைத்திருக்கும் நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது.

ஏன் ஆசிரியர் ஆக வேண்டும் என்று நானும் கேட்டேன். கதைக்கு ஓர் உயர்ந்த காரணம் தேவைப்பட்டது. அவள் சொன்னாள்: "போர்டுல எழுதிட்டுத் திரும்புறப்ப நாப்பது தலை நிமிந்து பாக்கும் சார். அது எனக்குப் புடிச்சிருக்கு." சமுதாயம், சேவை என்று ஏதாவது சேர்த்துச் சொல்லேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டாள்.

4.

இப்போது மழை வந்தாக வேண்டும். (யானை இல்லாமல்.)

டெல்டாப் பிள்ளைகளுக்கு நவம்பர் மாதம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். காலையில் கண் விழித்ததும் வானத்தைப் பார்ப்பார்கள், பிறகு போனைப் பார்ப்பார்கள். விடுமுறை அறிவிப்பு வந்துவிட்டால் வீடே துள்ளும். சிவப்ரியாவும் அப்படித் துள்ளி வளர்ந்தவள்தான். மழைக்காக அவள் வேண்டாத சாமி இல்லை. நான்காம் வருடத்தில்தான், வாழ்க்கையில் முதன்முறையாக, வெயிலுக்கு வேண்டினாள்.

காரணம், அவளுடைய இறுதிச் செய்முறைத் தேர்வு. பயிற்சிக்குப் போன காரைக்கால் அரசு ஆண்கள் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்புக்கு, 'திட்டமிடுதல்' என்ற பாடத்தை வெளித்தேர்வாளர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். முதல் தேதி குறித்தார்கள். விடுமுறை. இரண்டாவதாக ஒரு தேதி குறித்தார்கள். விடுமுறை. அவளோடு படித்தவர்களுக்குப் புதுச்சேரி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிகள். அவர்கள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். ஒரே மேகம், ஒரே மழை. எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் பள்ளிக்கூடம் உண்டு, தாண்டாவிட்டால் இல்லை.*

* இதை நான் கற்பனையாகச் செய்திருந்தால் 'நம்பும்படி இல்லை' என்பீர்கள். காரைக்கால்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பன்னிரண்டாம் வகுப்பில் வானிலை அறிவிப்புக்குப் பொறுப்பாளன் அப்ரார். அவன் போனில் பாட்டு இல்லை, விளையாட்டு இல்லை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மட்டுமே இருந்தது. மூன்றாவதாகக் குறித்த தேதிக்கு முந்தின நாள் மாலை அவன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"இன்ஷா அல்லாஹ் நாளைக்கும் லீவுதான் மிஸ்."

"டேய், வாயைக் கழுவுடா. நாளைக்கு எனக்குத் தேர்வுடா."

"லீவு வேணும்னு நாங்க நாப்பது பேரு துஆ கேக்குறோம். நீங்க ஒத்த ஆளு. என்ன மிஸ் பண்ண முடியும்?"

5.

மறுநாள் காலை பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. வந்த கையோடு மழை நின்று, வெயில் சுள்ளென்று அடித்தது. விடுமுறை விட்ட நாளில் வெயில் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம், அதற்கு நான் பொறுப்பில்லை.

வெளித்தேர்வாளர் தெட்சிணாமூர்த்தி முந்தின இரவே வந்து லாட்ஜில் தங்கியிருந்தார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. (முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.) கல்லூரி திறந்திருந்தது. சிவப்ரியாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மதியம் பஸ்ஸுக்கு நான் கிளம்பணும்மா. கல்லூரியிலயே ஒரு ரூம் எடுத்துக்கலாம். ஆனா பத்து மாணவராவது உக்காரணும், அது விதி. முடியலைன்னா அடுத்த பேட்சோட அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்றதும் அவளுக்குச் சோமு மாமாவின் நாற்காலி கண்ணில் வந்து நின்றது. ஒரு வருஷம் சும்மா இருக்க வீட்டில் விடமாட்டார்கள். போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வரத் தனக்குத் தெம்பு இருக்காது என்றும் அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு விட்டாள். வெயில் அடிக்கிற விடுமுறை நாளில் பையன்கள் வேறு எங்கே இருப்பார்கள்?

கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. அப்ரார் மட்டை பிடித்திருந்தான்.

6.

இங்கேதான் எனக்குப் பேனா நின்றுவிட்டது. மழை விடுமுறையன்று, வெயிலில், கிரிக்கெட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பாடம் கேட்கப் பையன்கள் வருவார்களா? பேய்க்கதை எழுதினால்கூட நம்புவீர்கள். ஆனால் வந்தார்கள். எப்படி வரவைப்பது?

வழி அ: அவள் மணலில் நின்று கல்வியின் மேன்மை குறித்து உருக்கமாகப் பேச, மட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே— சே.

வழி ஆ: பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்கிறாள். நியாயமாக இருந்தது, அவளுக்கு அனுப்பினேன். குரல் செய்தி வந்தது: "லஞ்சம் குடுத்தேன்னு எழுதுனீங்க, ஒங்ககூடப் பேசவே மாட்டேன் சார்."

வழி இ, அதாவது நடந்தது: அவள் எல்லைக்கோட்டில் வந்து நின்றாள். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. பந்து காலடியில் வந்து விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டு உள்ளதைச் சொன்னாள்.

"பத்து பேரு வேணும்டா. இல்லன்னா எனக்கு ஒரு வருஷம் போயிரும். நானா இருந்தா வந்திருக்க மாட்டேன். அதனால வாங்கன்னு சொல்லக் கூச்சமா இருக்கு."

அப்ரார் மட்டையால் மணலைக் குத்திக்கொண்டே யோசித்தான். "எங்க துஆவாலதான மிஸ் ஒங்களுக்கு இப்படி ஆச்சு?"

"ஆமாடா, பாவி."

"மூணு ஓவர் பாக்கி இருக்கு. முடிச்சுட்டு வந்துர்றோம்."

ஓவர் முடிந்து எண்ணிப் பார்த்தால், அவன் வகுப்புப் பையன்கள் ஒன்பது பேர்தான் தேறினார்கள். எதிர் அணியில் பந்து போட்டுக்கொண்டிருந்தவன் ஜெயபிரகாஷ். சிவப்ரியாவுக்கு அடுத்த தெரு. பத்தாவதோடு நின்று படகுக்குப் போகிறவன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்ததால் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை.

"பிரியாக்கா, ஆளு கொறைஞ்சா நான் வந்து ஒக்காரட்டுமா? எண்ணிக்கைக்கு?"

தப்பு என்று அவளுக்குத் தெரியும். 'வா' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அவன் பின்னால் ஏறிக்கொண்டான்.

[எதிர்பார்க்கப்படும் வாசகர் விடை: "ஐயோ, மாட்டிக்கொள்ளப் போகிறாள்." இந்த முறை நாம் ஒத்துப்போகிறோம்.]

7.

வகுப்பு தொடங்கியது. அறை முழுக்கக் கடல் மணல்.

"திட்டமிடாமல் ஒரு தொழிலைத் தொடங்கினால் என்ன ஆகும்?"

முந்தின இரண்டு தேதிகளுக்கும் அவள் பையன்களை வைத்து ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்பது குரல்கள் ஒரே மூச்சில் முழங்கின: "குழப்பமும் வீண்செலவும் ஏற்படும், டீச்சர்!"

அதுவரை 'மிஸ், மிஸ்' என்று கூப்பிட்டவர்கள் பதிலில் மட்டும் 'டீச்சர்' என்றார்கள். தெட்சிணாமூர்த்தி கையிலிருந்த பாடத்திட்டத்தைப் பார்த்தார். அதிலும் 'டீச்சர்' என்றே இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப நல்லது. அடுத்ததை அந்தக் கடைசிப் பையன் சொல்லட்டும். திட்டமிடுதலின் வரம்பு என்ன?"

ஜெயபிரகாஷ் எழுந்தான். "தெரியலை சார். நான் எண்ணிக்கைக்கு வந்தேன்."

"எண்ணிக்கைக்கா?"

அப்ரார் பாய்ந்தான். "லாங் லீவுல இருந்தான் சார்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் சார்."

சிவப்ரியா சாக்பீசைக் கீழே வைத்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. "அவன் ஸ்கூல்ல இல்ல சார். ஒன்பது பேருதான் கெடைச்சாங்க" என்று சொல்லிவிட்டாள். தேர்வாளர் 'போதும்' என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அவனோ எழுந்தபடியே நின்றுகொண்டிருந்தான். தெரியவில்லை என்று ஒருவன் நிற்கும்போது அப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. பாடத்திட்டத்தை மேசையில் கவிழ்த்தாள்.

"இன்னிக்குக் காலையில நீ என்ன பிளான்ல இருந்த?"

"கூண்டு ஏத்திட்டாங்க, கடலுக்குப் போகலை. சாயங்காலம் வரைக்கும் கிரிக்கெட்டு ஆடலாம்னு."

"பெறகு?"

"பெறகு என்ன, நீங்க வந்துட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அதுதான் வரம்பு. பிளான் போடுறவங்க கையில இல்லாத ஒண்ணு குறுக்க வந்து நிக்கும். ஒனக்கு நானு. எனக்கு மழை."

"எனக்கு வெயிலு மிஸ்" என்றான் அப்ரார். "மழை வரும்னு குரூப்புல எழுதிப்புட்டு இப்ப மானம் போச்சு."

அதன்பிறகு வகுப்பு அவள் கையில் இல்லை. ஆளாளுக்குத் தங்கள் திட்டங்கள் கவிழ்ந்த கதையைச் சொன்னார்கள். அவள் ஒவ்வொன்றையும் போர்டில் எழுதினாள். திரும்பினாள். பத்துத் தலைகள் நிமிர்ந்து பார்த்தன. நாற்பது இல்லை, பத்துதான். அவளுக்கு அன்று அதுவே தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

அப்போது ஜெயபிரகாஷ் கையைத் தூக்கினான்.

"எப்படியும் கவுந்துரும்னா எதுக்குத்தான் பிளான் போடணும்?"

பாடத்திட்டத்தில் மாணவர் விடைக்கு இடம் உண்டு. மாணவர் கேள்விக்கு இடமே இல்லை. அவள் யோசித்தாள். புத்தகத்தில் இருந்த வரிகள் ஞாபகம் வந்தன. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றைச் சொல்ல முடியவில்லை. எல்லா ஆசிரியர்களும் சொல்கிற ஒன்றை, பழக்கமே இல்லாமல், முதல்முறையாகச் சொன்னாள்.

"எனக்கு இப்பத் தெரியலை. யோசிச்சு அடுத்த கிளாஸ்ல சொல்றேன்."

அவன் தலையாட்டினான். உட்காரவில்லை.

"அடுத்த கிளாஸ் எப்ப, மிஸ்?"

தெட்சிணாமூர்த்தி மதிப்பெண் கட்டத்தின்மேல் பேனாவை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

8.

முடிவு ஒன்று: அவர் தேர்ச்சி போடுகிறார், ஜெயபிரகாஷ் மறுபடி பள்ளியில் சேர்கிறான். எனக்கே திகட்டுகிறது.

முடிவு இரண்டு: விதி விதிதான் என்று எழுதிவிட்டு மதிய பஸ்ஸைப் பிடிக்கிறார். சோமு மாமாவின் நாற்காலி நிரம்புகிறது. இதை எழுதிப் பார்த்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, கிழித்துப் போட்டேன்.

அவர் என்ன எழுதினார் என்று சிவப்ரியா என்னிடம் சொல்லியிருக்கிறாள். மறைக்க ஒன்றுமில்லை, இந்த வரியிலேயே எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பையன் கேட்டது மதிப்பெண்ணை இல்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருவன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, அடுத்தது எப்போது என்று கேட்கிறான். தேதி சொல்ல வேண்டியவளுக்கோ அந்த நேரத்தில் அடுத்த வகுப்பு என்று ஒன்று உண்டா என்றே தெரியாது. என்னால் இதற்கு மேல் போக முடியவில்லை.

அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். நீங்களாவது ஒரு நாளைச் சொல்லி அவனை உட்காரச் சொல்லுங்கள்.