விதையா, பூச்சியா

சண்டை முக்கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. 1744 பிப்ரவரியில் ஒரு காலை, கியூபாவின் மேற்கு முனைக்கு அப்பால், ஆங்கிலேயப் போர்க்கப்பல் பிட்டர்ன் விரட்டிப் பிடித்த அந்த ஸ்பானியக் கப்பலின் பெயர் சாந்தா ரூஃபினா. அதன் முன்பாய்மரம் ஒடிந்து சரிந்தபோதே முடிவு தெரிந்துவிட்டது.

அதன்பிறகு நடந்ததுதான் பிட்டர்னின் மருத்துவர் அம்புரோஸ் ட்ரெகியரின் மனதில் முள்ளாகத் தைத்தது. கீழ்த்தளத்தில் ஒருவனுக்குக் கட்டுப் போட்டுவிட்டுக் கொஞ்சம் காற்று வாங்க மேலே வந்திருந்தார். எதிர்க்கப்பலின் காப்டன், ஈயக்குண்டு கட்டிய கடிதப் பையைக் கடலில் வீசுவது தெரிந்தது. அது வழக்கம்தான். பிடிபடப்போகிற கப்பலில் இருந்து முதலில் தண்ணீருக்குப் போவது அரசாங்கக் கடிதங்கள். ஆனால் அவர் பையோடு நிற்கவில்லை. இரண்டு மாலுமிகளை அதட்டி, நான்கு பெரிய மண்தொட்டிகளை விளிம்புக்கு இழுத்து வரச் செய்தார். மூன்று தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் விழுந்தன. நான்காவதைத் தூக்குவதற்குள் பிட்டர்னின் ஆட்கள் தாவிக் குதித்துவிட்டார்கள். கொடி இறங்கியது.

தொட்டியில் இருந்தது வெறும் சப்பாத்திக்கள்ளி.

"ராஜா கடுதாசிக்கும் கள்ளிச்செடிக்கும் ஒரே மரியாதையா?" காப்டன் லஸ்கோம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டெவன் மாகாணத்துக்காரர், பெரிய உடம்பு, பெரிய குரல். "அந்தாளுக்கு மூளை கலங்கிப்போச்சா, இல்ல இதுக்குள்ள தங்கம் கிங்கம் புதைச்சு வெச்சிருக்கானா?"

மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். மண்தான் இருந்தது.

ட்ரெகியர் குனிந்தார். கள்ளியின் தட்டையான மடல்களில், சாம்பல் தூவினாற்போல், மிளகளவு வெள்ளை உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து நசுக்கினார். விரல் நுனி செக்கச் செவேலென்று ஆயிற்று.

"என்ன டாக்டரே, முள்ளு குத்திடுச்சா?"

"ரத்தம் இல்ல ஐயா, சாயம்." ட்ரெகியரின் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நம்ம படை அதிகாரிங்க போட்டுக்கிற கோட்டுச் சிவப்பு இருக்கே, அது இதுதான்."

ஸ்பெயினோடு போர் மூளும் முன்பு ஐந்து வருடம் அவர் ஸ்பானியர் ஆண்ட வெராக்ரூஸ் துறைமுகத்தில், ஆங்கில வணிகர்களின் கிடங்கில் மருத்துவராக இருந்தவர். அங்கேதான் ஸ்பானிய மொழி கற்றார். உலர்ந்த சிவப்பு மணிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறுவதை அங்கேதான் பார்த்தார். அது எங்கே விளைகிறது, எப்படி விளைகிறது என்று யாரும் வாய் திறந்ததில்லை. அந்நியர் எவரையும் உள்நாட்டுக்குள் விட்டதுமில்லை. உயிரோடு ஒன்றை வெளியே கொண்டுபோனால் தலை போகும் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்வார்கள். அது விதை என்று பாதி உலகம் சொன்னது, பூச்சி என்று மீதி உலகம் சொன்னது. இப்போது அது அவருடைய காலடியில் உயிரோடு இருக்கிறது.

"விதைதான்," என்றார் லஸ்கோம், ட்ரெகியர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே. "எங்க மாமா எக்ஸிட்டர்ல நாப்பது வருஷமா துணி வியாபாரம். அவர் சொன்னா சொன்னதுதான்."

"பூச்சிங்க ஐயா," என்றார் இன்னிஸ். கப்பலுக்குத் திசை பார்த்து வழி நடத்தும் ஸ்காட்லாந்துக்காரர்; ஒல்லி, எதற்கும் சிரிக்காதவர். "பதினெட்டு வருஷமா கப்பல் ரொட்டியில தினம் பூச்சி தின்னுட்டு இருக்கேன். எனக்கா அடையாளம் தெரியாது?"

"பந்தயம்?"

"பந்தயம். நான் ஜெயிச்சா உங்க அலமாரியில இருக்கிற அந்தப் பெரிய செஷயர் பாலாடைக்கட்டி. தோத்தா இந்த வருஷம் பூரா பிடிலைத் தொடமாட்டேன்."

"அடப்பாவி, அதுக்காகவாவது நான் ஜெயிச்சாகணுமே!" என்றார் லஸ்கோம். சுற்றி நின்ற மாலுமிகள் எல்லாரும், பயபக்தியோடு, விதையின் பக்கமே சேர்ந்துகொண்டார்கள்.

ஸ்பானிய ஆட்களை அவர்களுடைய கப்பலிலேயே காவல்போட்டு ஜமைக்காவுக்கு அனுப்பினார்கள். ஒருத்தியை மட்டும் ட்ரெகியர் பிட்டர்னுக்குக் கொண்டுவந்தார். சாந்தா ரூஃபினாவில் இருந்த ஒரே பெண், பெயர் பெத்ரோனா. வெராக்ரூஸுக்கு உள்நாட்டில், வஹாக்கா மலைகளில் வாழும் ஜபோதெக் என்ற பழங்குடியினத்தவள், நாற்பது வயதிருக்கும். தெறித்த மரச்சிராய் இடது முழங்கையைக் கிழித்திருந்தது. காயம் சீழ் கட்டாமல் பார்க்க வேண்டும் என்பது உண்மையான காரணம். தொட்டியை ஏற்றும்போது அவள் கண் அதைவிட்டு அகலவில்லை என்பது இன்னொரு காரணம்.

தினமும் காலையில் அவளுடைய கட்டை அவிழ்த்துக் கழுவிவிட்டு, தொட்டியருகே உட்கார்ந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்வார். வெள்ளைப் பொடியை ஊதினால் உள்ளே கருஞ்சிவப்பாய் ஓர் உருண்டை தெரியும். அதில் கால் இல்லை, தலை இல்லை, அசைவும் இல்லை. மடலில் இருந்து பிடுங்கினால் காம்பு போல ஏதோ ஒன்று அறுந்து வரும். காம்பு இருந்தால் அது காய்தானே? ஆனால் விதை எங்கே? நறுக்கிப் பார்த்தார், நனைத்துப் பார்த்தார், நாக்கில் வைத்தும் பார்த்தார். மூன்றாம் நாள் அவருக்கு விதை என்று தோன்றியது. நான்காம் நாள் பூச்சி என்று தோன்றியது. ஐந்தாம் நாள் இரண்டும் இல்லை என்று தோன்றியது.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று கட்டுப் போடும்போது ஸ்பானிய மொழியில் கெஞ்சினார். "விதையா, பூச்சியா?"

பெத்ரோனா முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். "உங்க நாட்டுல இது தெரிஞ்சவங்க ஒருத்தருமே இல்லையா?"

"தெரியும்னு சொல்றவங்க நிறைய. சண்டை போட்டுக்கிறாங்க."

"எவ்வளவு நாளா?"

"இருநூறு வருஷமா."

அவள் சிரித்தாள். கையில் கட்டை இறுக்கியதும் "ஸ்ஸ்" என்று முகம் சுளித்து, மறுபடியும் சிரித்தாள்.

ஆறாம் நாள் நடுப்பகலில் வடக்கே இருந்து குளிர்காற்று கிளம்பி, மழையைச் சாய்த்து அடித்தது. பாய்களைச் சுருக்கும் கூச்சலுக்கு நடுவே ட்ரெகியர் தொட்டியை நினைத்து மேலே ஓடினார். பெத்ரோனா முன்னமே அங்கே இருந்தாள். தன் கம்பளியைத் தொட்டிமேல் போர்த்தி, முதுகைக் காற்றுக்குக் காட்டி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் இருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு பேருமாகத் தொட்டியைக் கீழே இறக்கி அவருடைய அறையில் வைத்தார்கள்.

"கடல்ல வீசுனப்ப சும்மா நின்னீங்களே. இப்ப எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டார், அவளுக்குத் தன் கோட்டைக் கொடுத்தபடி.

"வீசச் சொன்னது அந்தாளு. அவருக்கு இது ராஜா வீட்டுச் சொத்து. எனக்கு இது எங்க கொல்லையில நான் வளத்தது." அவள் மடல்களை ஒவ்வொன்றாகத் திருப்பி ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். "மழை பட்டா செத்துடும் வைத்தியரே. குளிர் பட்டாலும் செத்துடும். கோழி கொத்தும், பல்லி தின்னும். பச்சக்குழந்தைய வளக்கிற மாதிரி."

பிறகு கேட்காமலே சொன்னாள். ஊருக்கு ஓர் அதிகாரி வந்தாராம். இந்த வட்டாரத்தில் நன்றாக வளர்ப்பவள் யார் என்று விசாரித்தாராம். கேனரித் தீவுகளில் இது பிழைக்குமா என்று பார்க்க வேண்டுமாம். செடிகளோடு அவளையும் கோவேறு கழுதையில் ஏற்றிவிட்டார்கள்.

"ரெண்டு பொண்ணுங்க வீட்டுல இருக்குங்க. சொல்லிட்டு வரக்கூட விடல."

ட்ரெகியர் சூடாக ஓட்மீல் கஞ்சி கொண்டுவரச் சொன்னார். அவள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, கிண்ணத்தை மரியாதையாகத் தள்ளி வைத்தாள்.

எட்டாம் நாள் காலை அவள்தான் வந்து எழுப்பினாள். "கண்ணாடிய எடுத்துட்டு வாங்க."

மடலின் விளிம்பில் ஓர் உருண்டைக்கு அடியில் இருந்து சிவப்புத் தூசி கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடியை வைத்தார். தூசி நடந்தது. ஒவ்வொரு துகளுக்கும் ஆறு கால்கள், இரண்டு உணர்கொம்புகள். தாயின் வயிற்றுக்கடியில் இருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, திசை தெரியாமல் கொஞ்சம் நின்று, பிறகு மேல்நோக்கி ஏறத் தொடங்கின. ட்ரெகியர் மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்து வருடம் மூட்டைகளை மட்டும் பார்த்த மனிதர். கண்ணாடியில் ஆவி படிந்தபோதுதான் தன் கண் கலங்கியிருப்பது அவருக்குத் தெரிந்தது.

லஸ்கோமும் இன்னிஸும் வரவழைக்கப்பட்டார்கள். காப்டன் வெகுநேரம் பார்த்தார்.

"விதைக்குக் கால் முளைக்குமா டாக்டரே?"

"நான் கேள்விப்பட்டதில்ல ஐயா."

"மாமாவை எப்படிச் சமாளிக்கிறது?" என்று பெருமூச்சு விட்டார். இன்னிஸ் அப்போதும் சிரிக்கவில்லை. அன்று மாலை பாலாடைக்கட்டியை எல்லாருக்கும் நறுக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் பிடில் வாசித்தார். ஜெயித்தது யார் என்று மாலுமிகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சிக்கல் மறுநாள் வந்தது. லஸ்கோம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பாதி எழுதிய கடிதம்.

"ஜமைக்கா ஆளுநருக்கு எழுதிட்டிருக்கேன். மலைப்பக்கம் பூரா கள்ளியை நட்டா, அப்புறம் ஸ்பெயின்காரன்கிட்ட நாம எதுக்குக் கையேந்தணும்? அந்தப் பொம்பளைக்கு இது வளக்கத் தெரியும்னா, செடியோட சேத்து அவளையும் ஒப்படைச்சிடலாம். இல்லேன்னா கைதி மாத்துற கப்பல் அடுத்த வாரம் வெராக்ரூஸ் போகுது, அதுல ஏத்தி விட்டுடுறேன். நீங்க சொல்றதைத்தான் எழுதப்போறேன். தெரியுமா அவளுக்கு?"

ட்ரெகியர் அந்தப் பாதிக் கடிதத்தைப் பார்த்தார். தெரியும் என்று ஒரு சொல் போதும். அவள் ஜமைக்காவில் இருப்பாள், அவரும் துறைமுகம் வரும்போதெல்லாம் போய்ப் பார்க்கலாம். எப்படிப் பிறக்கிறது, எப்படிக் கூடுகிறது, எப்போது அறுவடை, எல்லாவற்றையும் கேட்டு எழுதலாம். இந்த உலகத்தில் எந்த ஆங்கிலேயனுக்கும் தெரியாதது அவர் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். 

"சமையல்காரி ஐயா," என்றார். "அந்தக் காப்டனுக்குச் சோளரொட்டி சுட்டுப் போட்டவ."

"மழையில கம்பளி போத்தி மூடிட்டு உக்காந்திருந்தாளே?"

"செடி செத்தா அடிப்பேன்னு பயமுறுத்தி வெச்சிருந்தாங்களாம்."

லஸ்கோம் இறகுப் பேனாவைக் கையில் சுழற்றியபடி அவரை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க சூதாட உக்காந்தா உடுப்பு வரைக்கும் தோத்துருவீங்க டாக்டரே," என்று சொல்லிவிட்டு, 'சமையல்காரி' என்று எழுதினார்.

ஜமைக்காவின் போர்ட் ராயல் துறைமுகத்தில் கைதிகளின் படகு புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்பு ட்ரெகியர் கடைசியாக அவளுடைய காயத்தைப் பார்த்தார். நன்றாக ஆறியிருந்தது. நடந்ததைச் சொன்னார். பெத்ரோனா நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள்.

"இங்க வெச்சுக்கிட்டா உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமே?"

"ஆமா," என்றார் ட்ரெகியர். "ராத்திரி அதை நினைச்சுத் தூக்கம் வரல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு கேளுங்க. ஒண்ணே ஒண்ணு."

நூறு கேள்விகள் முட்டிமோதின. "நான் பாத்தது எல்லாமே அம்மாவா இருக்கு. அப்பா எங்க?"

"நல்ல கேள்விதான் கேக்குறீங்க!" அவள் முகம் முழுதும் மலர்ந்தது. "அப்பனுக்கு றெக்கை உண்டு. பின்னால வெள்ளையா ரெண்டு வாலு. சின்னதா வெள்ளைக் குழல் ஒண்ணு கட்டிக்கிட்டு அதுக்குள்ள தூங்கும். வெளிய வந்தா ரெண்டு மூணு நாள்தான். திங்கிறதுக்கு வாயே கிடையாது. கொசுன்னு நினைச்சு எல்லாரும் தட்டி விட்டுடுவாங்க."

படகோட்டி குரல் கொடுத்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். ஊர் போய்ச் சேர்ந்தாளா, பெண்களைப் பார்த்தாளா என்று ட்ரெகியருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தொட்டி, பக்கத்து ஊரான கிங்ஸ்டனில் ஒரு தோட்டக்காரரிடம் போயிற்று. ஏப்ரல் இறுதியில் பிட்டர்ன் மறுபடி அங்கே வந்தபோது ட்ரெகியர் ஒரு முழுக் காலையை அந்தச் செடியோடு கழித்தார். மடலின் இடுக்கில் வெள்ளைக் குழல்கள் இருந்தன. ஒன்றின் வாயில் இருந்து, பின்பக்கமாக, இரண்டு வெள்ளை வால்கள் நீண்டு, பிறகு சிறகு, பிறகு அந்தக் குட்டி உடல் வந்தது. அது தாய்மார்களின் முதுகின்மேல் அவசர அவசரமாக நடந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள்; அவர் காதில் விழவில்லை.

மே மாதம் மழை இறங்கியது. பத்து நாளில் பூச்சிகள் எல்லாம் மழையோடு அடித்துக்கொண்டு போய்விட்டன. கள்ளி மட்டும் செழித்து, மஞ்சளாய்ப் பூத்தது. சில மாதம் கழித்து, லஸ்கோம் எழுதிய கடிதத்துக்கு அவருடைய மாமா எக்ஸிட்டரில் இருந்து பதில் எழுதியிருந்தார்: அது விதைதான், வெப்பத்தில் புழு வைத்திருக்கும், ஊறுகாய் ஜாடியில்கூட வைக்குமே என்று.

ட்ரெகியர் லண்டன் அறிஞர்களுக்கு நான்கு பக்கம் எழுதினார். பூச்சிதான், கால் ஆறு, நடந்ததைக் கண்ணால் கண்ட சாட்சிகள் மூவர். அடுத்த ஆண்டு பதில் வந்தது. மிகவும் மகிழ்ச்சி, இதை எப்படி இனம்பெருக்கி வளர்ப்பது என்று தயவுசெய்து தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். தனக்குத் தெரியாது என்று அவர் பதில் எழுதினார். பிறகு அதே தாளின் அடியில், பறக்கும் மீன் காற்றில் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறதா, இதைப் பற்றி அங்கே யாராவது பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டு, மை உலர்வதற்குள் மடித்துவிட்டு, பறக்கும் மீனைத் தானே பார்ப்பதற்காக மேல்தளத்துக்குப் போனார்.