லைன் நாலு டோக்கன்

அம்மாவின் இடுப்பில் டோக்கன் இருந்ததை முதலில் பார்த்தவள் சோபனாதான். சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அமிர்தவள்ளி, செருகியிருந்த கொசுவத்தை அவிழ்த்து உதறியபோது தரையில் டக்கென்று விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரப்பலகை, சிவப்புக் கயிறு, வெள்ளைப் பெயின்ட்டில் 'லைன் 4'. செத்த எலியைப் பார்ப்பதுபோல இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயய்யோ, பஸ்சு ஆரன் அடிச்சிட்டான்டி. பாத்ரூம்லருந்து அப்படியே ஓடியாந்துட்டேன்" என்றாள் அம்மா.

ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற அந்தக் கம்பெனியில் ஒரு லைனுக்கு நாற்பது பெண்கள். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே டோக்கன். அது கைக்கு வந்தால்தான் மிஷினை விட்டு எழுந்து பாத்ரூமுக்குப் போகலாம். போனவள் திரும்பி வந்து கையில் வைத்தால்தான் அடுத்தவள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான். பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு சரி, அடுத்த வாய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். அம்மாவுக்கு இரண்டு முறை கிட்னியில் கல் வந்துவிட்டது. தண்ணி நிறைய குடிங்கம்மா என்று டாக்டர் சொன்னபோது, சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை டோக்கனைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப்போன அம்மாவை கேட்டிலேயே பிடித்தார்கள். பையைத் துழாவிய செக்யூரிட்டி அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான். கம்பெனிப் பொருள் திருட்டு என்று எழுதி, விசாரணை முடிகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எரித்தால் ஒரு டம்ளர் காபிகூடக் கொதிக்காத மரத்துண்டு. பதினாறு வருஷமாக மிஷின் மிதித்தவள் அதற்காகத் திருடியானாள்.

சோபனா எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். அந்த வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பதினோரு மாதமாக அனைத்துச் சமய சமாதானக் குழுவில் ஒருங்கிணைப்பாளர் வேலை. 'உழைப்பவருக்கு நீதி, ஊருக்குச் சமாதானம்' என்று குழுவின் லெட்டர் பேடில் அச்சடித்திருக்கும். முதல் பாதியை நம்பித்தான் அவள் சேர்ந்தாள். செய்ததெல்லாம் வேறு. பாஸ்டர், ஹஜ்ரத், கோயில் அறங்காவலர் மூன்று பேரின் நாற்காலியும் ஒரே உயரமா என்று பார்ப்பது, மூன்று சால்வையும் ஒரே விலையா என்று பார்ப்பது, ஏலகிரியில் இரண்டு நாள் சமாதானப் பயிற்சி முகாமுக்கு யாருக்கு சைவம் யாருக்கு அசைவம் என்று லிஸ்ட் எடுப்பது. அந்த முகாமில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி மூச்சு விட்டார்கள். மூச்சுவிட்டபின் சூப் கொடுத்தார்கள்.

இருந்தாலும் அம்மா விஷயத்தைக் குழுவுக்குத்தான் கொண்டுபோனாள். நாலாம் லைன் பெண்கள் முப்பத்தேழு பேரிடம் கையெழுத்து வாங்கினாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி முதலில் போட்டவள் கோவிந்தம்மாள். 'டோக்கன் முறையை எடுக்க வேண்டும், அமிர்தவள்ளியைத் திரும்ப வேலைக்குச் சேர்க்க வேண்டும்.' இரண்டே வரி. அமைப்பாளர் காசிநாதன் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிட்டையர்டு அதிகாரி. சத்துவாச்சாரியிலிருந்து காரில் வருகிறவர்.

"வர்ற ஞாயிறு நம்ம குழு நல்லிணக்க நாள் அன்னிக்கு மேடையிலயே படிச்சிடலாம்மா. கம்பெனி எச்.ஆர். வசந்த் சார் வர்றாரு. நேருக்கு நேர்."

சோபனா அதை நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை லீவில் துணி துவைப்பதை விட்டுவிட்டு முப்பத்தேழு பேரும் அவளை நம்பி ஆம்பூர் கல்யாண மண்டபத்துக்கு வந்தார்கள்.

மண்டபம் முழுக்க பிரியாணி வாசனை. அந்தப் பக்கம் சைவத்துக்குத் தனிப் பந்தி. சாப்பாட்டுச் செலவு கம்பெனியுடையது என்பது நாற்காலிதோறும் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. லேபிளில் கம்பெனிப் பெயர். காசிநாதன் நிகழ்ச்சி நிரலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்தாவது வரியில் 'கோரிக்கை மனு' என்பதை அடித்துவிட்டு, பேனாவில் 'மன்னிப்பு நிகழ்வு' என்று எழுதியிருந்தது.

"இன்னா சார் இது?"

"பேசி முடிச்சாச்சும்மா. நாளையிலருந்து உங்கம்மாவ எடுத்துக்கறாங்க. மேடைல ஒரு சாரி, அவ்ளோதான். மூணு மதத்துக்கும் பொதுவானது மன்னிப்புதானே?"

"டோக்கன எடுக்கச் சொல்லித்தான சார் மனு?"

"அது அவங்க பாலிசி. அதுல கை வெச்சா நல்லிணக்கம் கெட்டுடும். நீ படிச்ச பொண்ணு, உனக்குச் சொல்லணுமா?"

சோபனாவின் தெருவில் சமாதானம் பேசுவது என்றால் என்னவென்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அடித்தவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அடிவாங்கியவள் நின்றுகொண்டு, இனிமேல் எதிர்த்துப் பேசமாட்டேன் என்று சொல்லுவாள். எல்லாருக்கும் டீ வரும். அதே வார்த்தையைத்தான் குழு லெட்டர் பேடில் போட்டுக்கொண்டிருந்தது. பதினோரு மாதம் அதே பேப்பரில் கடிதம் டைப் அடித்தவளுக்கு இதுவரை அது உறைக்கவில்லை.

மேடையோரம் நின்று மைக்கில் ஒவ்வொருவராகப் பேச அழைத்தவள் சோபனாதான். பாஸ்டர் பேசினார். ஹஜ்ரத் பேசினார். அறங்காவலர் பேசினார். மன்னிப்பைப் பற்றி மூன்று பேரும் நன்றாகவே பேசினார்கள். அதுதான் அருவருப்பாக இருந்தது. எச்.ஆர். வசந்த் முன்னால் ஒரு வெள்ளித்தட்டு. தட்டில் ரோஜா இதழ். இதழுக்கு நடுவில் லைன் நாலு டோக்கன். அதைத் துடைத்து வேறு வைத்திருந்தார்கள்.

குழுவின் இன்னொரு ஊழியர் வஜீதா, சால்வைகளை மடித்தபடி பக்கத்தில் வந்தாள். "மைக் உன் கைலதான இருக்கு? படிச்சுடு. அப்புறம் பேஜாராவுறது ஆவட்டும்."

சோபனா ஃபைலைத் திறந்தாள். "நாலாம் லைன் பெண்கள் முப்பத்தேழு பேர் எழுதிக்கொள்வது..." மண்டபம் கப்பென்று அடங்கியது. காசிநாதனின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்த வரிக்குள் முழங்கையை யாரோ பிடித்தார்கள். அம்மா. எப்போது படியேறினாள் என்று தெரியவில்லை.

"வாணாம் சோபி."

"ம்மா, நீ கீழ போ."

"எனக்கு வேலை வேணும்டி. உன்னுதும் போயிடும்."

மைக்கை அவள் கையிலிருந்து அம்மாவே வாங்கிக்கொண்டாள். வாழ்க்கையில் மைக் பிடித்திராதவள், சூடான டம்ளரைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தாள். "தப்பு நடந்துபோச்சுங்க. மன்னிச்சிக்கோங்க."

"பரவால்லம்மா. கம்பெனி ஒரு குடும்பம்" என்றார் வசந்த். கைதட்டல். முப்பத்தேழு பேரும் தட்டினார்கள். கோவிந்தம்மாளும் தட்டினாள். வசந்த் அம்மாவுக்குச் சால்வை போர்த்தினார், அம்மா தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள், போட்டோகிராபர் இன்னொரு முறை என்றான். சால்வையின் ஒரு நுனி கோணலாகத் தொங்கியது. பதினோரு மாத வழக்கத்தில் சோபனாவின் கை தானாகப் போய் அதை இழுத்துச் சரிசெய்தது. அந்தக் கையைக் கழற்றி எறிந்துவிடலாம் போலிருந்தது.

பந்தியில் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். நாலாம் லைன் பெண்களின் இலை முன்னால் பாட்டில்கள் மூடி திறக்காமலே நின்றன. ஞாயிற்றுக்கிழமை. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அப்படியும் திறக்கவில்லை. அம்மாவின் இலை முன்னால் ஆள் இல்லை. சோபனா அவளைத் தேடிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாள்.

பின்பக்கம் வரிசையாக நாலு பாத்ரூம். நாலு கதவும் ஆவென்று திறந்து கிடந்தன. முதல் கதவுக்கு முன்னால் சால்வையோடு அம்மா நின்றிருந்தாள். வலதுகை மட்டும் கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்க்க.

"இன்னாம்மா நிக்கிற?"

"உள்ள யாராச்சும்..."

"யாரும் இல்லம்மா. கதவு தொறந்துதான இருக்கு."

அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "ஆமால்ல" என்றாள். ஆனால் கால் நகரவில்லை. அதற்குள் கை கழுவ வந்த கோவிந்தம்மாள், ஈரக்கையோடு அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"அமிர்தம், டோக்கன் யாரு கைல கீது?" என்று கோவிந்தம்மாள் கேட்டாள். சிரிப்பாள் என்று சோபனா பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

சோபனாவின் கழுத்தில் குழுவின் அடையாள அட்டை தொங்கியது. நீல நாடா, மூன்று மதச் சின்னம், அவள் போட்டோ. கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவின் விரல்கள் தானாக மூடிக்கொண்டன. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

வரிசை ஐந்தானது, எட்டானது. மற்ற மூன்று கதவும் திறந்தபடியே கிடந்தன. மண்டபத்துக்குள் நன்றியுரைக்குச் செல்வி சோபனா என்று மைக்கில் கூப்பிட்டார்கள். இன்னொரு முறையும் கூப்பிட்டார்கள். மூடிய கதவின் அடியில் நீல நாடாவின் நுனி வெளியே கிடந்தது. அது உள்ளே இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே, கோவிந்தம்மாள் புடவையில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள்.