சீக்கிரம் வந்தவர்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அழைப்பு வந்ததும் மின்னலெனப் பாய்வதில் இந்த வட்டாரத்துத் தீயணைப்பு நிலையங்களிலேயே நம் நிலையம்தான் முதலிடம்... என்று ஒலிபெருக்கி முழங்க, மேடையில் வயிற்றை எக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த நிலைய அலுவலருக்குக் காது மடல் எரிந்தது, மின்னலாம், மின்னலுக்குப் பின்னால் மழையாவது வரும், நமக்குப் பின்னால் என்ன வந்தது, குழாயைத் திறந்ததும் புஸ்ஸென்று கொஞ்சம் காற்று, அப்புறம் இருமல் மாதிரி இரண்டு சொட்டு... யார் வேலை அது, என் வேலைதான், மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று வண்டித் தண்ணீரையெல்லாம் பீய்ச்சி முற்றத்தைக் கழுவச் சொன்னது நான்தானே, டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்கத்தான் செய்தான், "சார், டேங்க் காலி, ரொப்பிட்டு வந்துடட்டுமா?", "அதெல்லாம் அப்புறம்யா, முதல்ல தொப்பியைப் போடு, ஐயா வர்ற நேரம்"... ஐயா வரவில்லை, தீ வந்தது.

வண்டி போய் நின்றதும் கடிகாரத்தை நிறுத்திவிடுவது துறையின் வழக்கம், சக்கரம் நின்றால் சேவை முடிந்த மாதிரி, தண்ணீர் வந்ததா என்று எந்த மகராசனும் கேட்பதில்லை, அந்தக் கணக்கில்தான் இன்றைக்கு நமக்கு இந்தக் கேடயம்... தையல் கடை திகுதிகுவென்று எரிய, தலைக்கவசமும் பூட்ஸுமாகப் போட்டோவுக்கு நிற்பவர்கள் போல நின்றோமே, பக்கத்து சலூன்காரர்தான் பாதி சவரத்தில் இருந்தவரையும் இழுத்து வந்து வாளி வாளியாக ஊற்றினார், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வழியை மறைக்கிறீங்க" என்று என்னைத்தான் சொன்னார், நானும் தள்ளி நின்றேன், அன்று நான் செய்த ஒரே உதவி அதுதான், அதற்குள் மெஷின்கள், தைக்க வந்த துணிகள், எல்லாம் கரி.

அந்தக் கடைக்கார அம்மாவைத்தான் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள், பயனடைந்தவர் நாலு வார்த்தை பேசட்டும் என்று மேலதிகாரியின் யோசனை, பயனடைந்தவராம்... பேசிவிடுவாரோ, பேசினால் விசாரணை வரும், வந்தால் டிரைவர் தலையில்தான் விழும், என் தலை வரைக்கும் ஏறாது, அது தெரிந்தும் இந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளாதா என்று வேண்டிக்கொள்கிறேனே, நான் என்ன மனுஷன்... அவர் எழுந்துவிட்டார், மைக்கை ஒருதரம் தட்டிப் பார்க்கிறார்.

"சீக்கிரமாத்தான் வந்தாங்க. பொய் சொல்லக் கூடாது. தண்ணிதான் கடைசி வரைக்கும் வரல."

மேலதிகாரி தொடையைத் தட்டி, "அம்மா நல்லா தமாஷ் பண்றாங்கப்பா!" என்று சிரிக்க, மண்டபமே குலுங்கியது, அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை, திரும்பி நிலைய அலுவலரைப் பார்த்தார், "நீங்க சொல்லுங்க சார், நான் தமாஷா பண்றேன்?"... ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று போதும், நாக்கு ஏன் புரள மாட்டேன் என்கிறது, இத்தனை நாளாக வெட்கம் என்று நினைத்து நான் வெந்துகொண்டிருந்தது வெட்கமே இல்லையோ, மாட்டிக்கொள்வோமோ என்ற வெறும் பயம்தானோ...

நிலைய அலுவலரும் சிரித்தார்.