இருபது அங்குலம்

சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு துப்பாக்கிக்கான நான்காவது பேரல் வீட்டுக்கு வந்தது. கதவைத் திறந்த மனைவி நீளமான அட்டைப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தாள். ஒட்டடைக் குச்சி ஏதாவது சொல்லியிருந்தோமா என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

இன்ஜினியர் வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார். அவர் அதைப் பேரல் என்று சொல்வதில்லை. குடிநீர் வாரியத்தில் வேலை. அவருக்கு அது குழாய்.

மறுநாள் காலை தேர்வு. சாயக் குண்டால் சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் கிளப்பின் அணியில் ஏழு பேர். ஆறு பேர் முடிவாகிவிட்டார்கள். ஏழாவது இடம் அணி தொடங்கிய நாளிலிருந்து இன்ஜினியருடையது. இந்த வருஷம் அதற்கு இன்னொருவரும் பெயர் கொடுத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள்.

போன வருஷம் இன்ஜினியர் எதிரணியில் யாரையும் சுடவில்லை. சொந்த அணியில் இரண்டு பேரைச் சுட்டிருந்தார். அணித் தலைவர் ஒரு பல் டாக்டர். நோயாளியிடம் பேசும் குரலில், வலிக்காது சார், அப்பாவும் பெண்ணும் ஆளுக்குப் பத்து குண்டு சுடுங்கள், யார் அதிகம் அடிக்கிறார்களோ அவர்களுக்கு இடம் என்று சொல்லியிருந்தார்.

வலிக்கத்தான் செய்தது. அலுவலகத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கோப்புகள் அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு போயின. ஞாயிற்றுக்கிழமை மட்டும், முகமூடியோடு ஒரு பீப்பாய்க்குப் பின்னால் குந்தியிருக்கும்போது, சார் இடப்பக்கம் பாருங்க என்று யாராவது கத்துவார்கள். அவருக்கு அது போதும். அவர் வலப்பக்கம் பார்ப்பார் என்பது வேறு விஷயம்.

குறை தன்னிடம் இல்லை, குழாயின் நீளத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். மனைவியின் தம்பி விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தான். பன்னிரண்டு அங்குலம் வாங்கியபோது, இதுதான் அத்தான் கரெக்ட் என்றான். பதினாலுக்கும் பதினாறுக்கும் அதையே சொன்னான். இருபது வேண்டும், வாயும் இறுக்கமாக இருக்க வேண்டும், காற்று ஒரு துளி வீணாகக் கூடாது என்று இவர் கேட்டபோது, மச்சான் எழுந்து நின்றே ஆர்டர் எடுத்தான். இதற்கு மேல் கேட்டால் கொடிக்கம்பம்தான் தர முடியும் என்று அக்காவிடம் போனில் சொன்னான்.

மகள் விளக்கிப் பார்த்திருந்தாள். கிளப்பில் எல்லாத் துப்பாக்கியையும் வேகமானி முன்னால் வைத்து, ஒரே வேகத்துக்குத் திருகித்தான் உள்ளே விடுகிறார்கள். பேரல் தெருக்கோடி வரை நீண்டாலும் குண்டு அந்த வேகத்தில்தான் வெளியே வரும், அந்தத் தூரம்தான் போகும். நேராகப் போக வேண்டுமென்றால் குண்டு புதிதாக, நல்ல உருண்டையாக இருக்க வேண்டும். பேரலின் வாய்க்குப் பொருந்த வேண்டும். சொல்லிவிட்டு, பைப் நீளமானால் அழுத்தம் குறையும் என்று அலுவலகத்தில் நீங்கள்தானே எழுதுகிறீர்கள் என்று கேட்டாள்.

அது தண்ணீர் என்றார் இன்ஜினியர்.

அவள் கிளப்பின் பழைய துப்பாக்கி ஒன்றையும், வேறு வேறு வாய் அளவில் மூன்று பேரலையும் இரவல் வாங்கி வந்திருந்தாள். எல்லாம் குட்டை. அன்று இரவு புதுப் பெட்டியைப் பிரித்து ஒரு குண்டை எடுத்தாள். முதல் பேரலில் போட்டதும் அது உருண்டு மறுபக்கம் விழுந்தது. வாய் பெரிது. அடுத்ததில் மாட்டிக்கொண்டு, கன்னம் உப்ப ஊதியும் வரவில்லை. சிறிது. மூன்றாவதில் தானாக விழாமல் நின்றது, ஒரு ஊதலில் வெளியே வந்தது. அதைத் துப்பாக்கியில் திருகினாள். பெட்டியை மூடினாள். போய்த் தூங்கிவிட்டாள்.

இன்ஜினியருக்கு அப்படி இருக்க முடியுமா? சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து, தன் குண்டுகளைக் கொட்டி, அளவுக் கருவியில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். மயிரிழை கூடினதையும் குறைந்ததையும் ஒதுக்கினார். தேறியவற்றின் மேல் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. பிசுக்கு ஓர் இடத்தில் கூடுதலாகவும் ஓர் இடத்தில் குறைவாகவும் இருந்தால் குண்டு எப்படி நேராகப் போகும்? ஈரத்துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, கல்யாணமான நாளிலிருந்து இந்த மேஜையைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்க வந்த மகள் அப்படியே நின்றாள்.

"அப்பா, மேல்தோல் ஜெலட்டின். ஈரம் பட்டா ஊறிடும்."

"எதிர்க்கட்சிகிட்ட யோசனை கேக்கற பழக்கம் எனக்கு இல்ல."

"ஊறினா உப்பும்பா. நீங்க வேற இறுக்கமான பேரலா வாங்கி வச்சிருக்கீங்க."

தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் இப்படிப் பேசுகிறாள் என்று அவர் மனைவியிடம் விளக்கினார். மகள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை மைதானத்தில் கார் சக்கர மூடி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். பின்னால் பலகை வேலி. மகள் முதலில் சுட்டாள். சக்கர மூடி திரும்பத் திரும்ப டங் என்றது. இரண்டுதான் தவறியது. அணியினர் ஆறு பேரும் கைதட்ட நினைத்து, அவள் அப்பாவைப் பார்த்து, பாதியில் கையைச் சொறிந்துகொண்டார்கள்.

இன்ஜினியர் பேரலைத் திருகி நிமிர்ந்தார். அதன் முனை அவருக்கு முன்பே, சுடுவதற்குப் போட்டிருந்த கோட்டைத் தாண்டியிருந்தது. டாக்டர் சொல்ல, இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றார். குறி பார்த்தார். விசையை அழுத்தினார்.

புஸ் என்றது. எதுவும் போகவில்லை. பேரலின் வாயிலிருந்து பச்சைச் சாயம் சொட்டியது. மறுபடி அழுத்தினார். இந்த முறை சாயம் தூறலாக வந்து அவருடைய ஷூவில் விழுந்தது. டாக்டர் பேரலைக் கழற்றி வாங்கி, உள்ளே குச்சி விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் உள்ளேயே உடைந்திருக்கிறது, நன்றாகக் கொப்பளிக்க வேண்டும் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

சாமான் கோளாறு என்றால் வேறு துப்பாக்கியில் முதலிலிருந்து சுடலாம் என்பது கிளப் விதி. மூன்று பேர் தங்களுடையதை நீட்டினார்கள். இன்ஜினியர் அவற்றைப் பார்க்காமல் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வந்து தன்னுடையதை அவர் கையில் வைத்தாள். குண்டும் அவளுடையதே.

"இதுல சுடுங்கப்பா. நல்லாப் போகுது."

நல்லாப் போகும் என்பதுதான் சிக்கல். பேரல் சரி. குண்டு சரி. காற்றுகூட இல்லை; சக்கர மூடி வரைந்து வைத்ததுபோலத் தொங்கியது. குற்றம் சாட்ட அந்த மைதானத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அவர் வெகுநேரம் குறி பார்த்தார். பத்தையும் சுட்டார்.

டங் என்ற சத்தம் வரவில்லை. குண்டுகள் எல்லாம் சக்கர மூடிக்குப் பக்கத்தில், வேலிப் பலகையில், உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தன. ஒன்றுகூட விலகவில்லை. துப்பாக்கியின் துல்லியத்துக்கு அதைவிட நல்ல சான்றிதழ் யாரும் கொடுத்துவிட முடியாது.

ஆறு பேருக்கும் ஒரே சமயத்தில் முகமூடியைத் துடைக்க வேண்டியிருந்தது. டாக்டர் பையிலிருந்து அணிச் சட்டையை எடுத்தார். இன்ஜினியரின் அளவில் தைத்தது. ஒரு கணம் இருவரையும் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். அவள் அதை விரித்துப் பார்க்காமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இன்ஜினியர் அவளுடைய துப்பாக்கியை இன்னும் திருப்பித் தரவில்லை. சாண் வைத்து அதன் பேரலை அளந்தார். ஒரு சாணும் கொஞ்சமும். மறுபடி அளந்தார். பிறகு வேலிப் பலகையைப் பார்த்தார், சக்கர மூடியைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார்.

"இவ்வளவு குட்டைக் குழாயை வச்சுக்கிட்டு நீ எப்படிம்மா சுடறே?"